வால்வைத் திறக்காத ஞாயிற்றுக்கிழமை

யய்யா,

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸில் நீ சென்னைக்குக் கிளம்புகிறாய். உன் அம்மா முறுக்குச் சுட்டு டப்பாவில் அடைத்துவிட்டாள், தலையணைக்கு இரண்டு உறை தைத்துவிட்டாள், நீ சேரப்போகும் இசைத் தொழில்நுட்பப் படிப்பு நல்லபடியாக முடிய வேண்டும் என்று கோயிலில் பாதிரியாரிடம் ஜெபக் குறிப்பும் எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் மட்டும்தான் ஒன்றும் செய்யவில்லை. ஊர்விட்டுப் போகிற பிள்ளைக்கு அப்பன் என்பவன் நாலு புத்தி சொல்ல வேண்டுமே என்று உட்கார்ந்தேன். யார் சொன்னாலும் கேட்காதே என்று எழுதினேன், அடித்தேன். பெரியவர்கள் சொன்னால் கேள் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். நோட்டில் இரண்டு பக்கம் வீணாய்ப் போனதுதான் மிச்சம். உண்மையில் உன்னிடம் சொல்ல வேண்டியது புத்திமதி இல்லை, வேறொன்று. பதினோரு மாதமாக அது என் நெஞ்சில் கிடக்கிறது. அதற்கு நேராக வர எனக்குத் தைரியம் போதாது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொண்டு படி.

நீ படிக்கப்போவது என்ன என்பதே எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. கோயிலில் நீ கீபோர்டு வாசித்தாய், விளங்கியது. கல்யாண வீடுகளில் வாசித்தாய், அதுவும் விளங்கியது. அப்புறம் அதை ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினாய் பார், அன்றைக்குப் பிடித்த குழப்பம். கட்டையை அமுக்குகிறவன் நீ ஒருவன், உள்ளே இருந்து வயலின் வருகிறது, புல்லாங்குழல் வருகிறது, மத்தளம் வருகிறது. "யாருலே இம்புட்டுப் பேரு வாசிக்காவ?" என்று கேட்டேன். "எல்லாமே நானேதானுங்கப்பா" என்று சிரித்தாய். நானும் உன் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இங்கே நல்லூரில் பிறந்த நீ, இந்த ஊர்க்காரர்களைப் போலப் பெற்ற அப்பனுக்கே 'ங்க' போட்டுப் பேசுவது முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. இந்தப் படிப்பு மட்டும் பழகவே இல்லை. ஒருநாள், நான் ஃபிட்டராக இருக்கிற துணி பின்னும் கம்பெனியில், முதலாளி மிஷின் பக்கம் வந்து, "ஏனுங் மாஸ்டர், பையன் சினிமாவுக்குப் போறானாமா? பாட்டுப் போடறானுங்களா?" என்று விசாரித்தார். எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன். "பாட்டு இல்லீங்க. பாட்டு இல்லாத எடத்துல பின்னாடி ஒரு சத்தம் வரும்லா, அத போடுத வேலயாம்" என்றேன். "பாட்டே இல்லாத எடத்துல என்னத்துக்குங்க சத்தம்?" என்றார். அவர் போன பிறகு நானும் அதையேதான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

போன வருடம் உனக்கு அந்த சிடி வந்தது. படிப்பில் சேர விரும்புகிறவர்களுக்கு அந்தப் பள்ளிக்காரர்கள் அனுப்பியது. அதில் பேச்சும் இசையும் இல்லாத ஒரு சின்னப் படத்துண்டு. அதற்கு இசை போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், அதைக் கேட்டுத்தான் இடம் கொடுப்பார்கள் என்றாய். ஒரு ஆள் அடுப்படியில் டீ போடுகிறார். இரண்டு டம்ளரில் ஊற்றுகிறார். வாசலைப் பார்க்கிறார். ஒரு டம்ளரை எடுத்துக் குடிக்கிறார். அவ்வளவுதான் படம். இதற்கு என்னத்தைப் போடுவாய் என்று பரிதாபப்பட்டேன். நீ என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து முதல் தடவை ஓட்டினாய். அடியில் ஏதோ உறுமிக்கொண்டே வந்தது, வாசலில் எவனோ அரிவாளோடு நிற்கிறான் என்று நம் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அதே படத்தை இரண்டாம் தடவை ஓட்டினாய். ஒரே ஒரு புல்லாங்குழல். அந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள் என்று எனக்குப் பட்டென்று தெரிந்துவிட்டது, கண் கலங்கிவிட்டது. மூன்றாம் தடவை அடுப்புச் சத்தமும் டம்ளர் வைக்கிற சத்தமும் மட்டும். "இதுதாம்லே நல்லாருக்கு" என்றேன். "இதுல நான் ஒண்ணுமே போடலீங்கப்பா" என்றாய். எனக்கு அசடு வழிந்தது. நீ சிரிக்கவில்லை. "எங்க போடக் கூடாதுன்னு தெரியறதுதானுங்கப்பா கஷ்டம்" என்றாய். அன்றைக்கு முதல்முறையாக உன்னைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. அதே ஆள், அதே டீ, மூன்று விதமாக என்னை ஆட்டி வைத்துவிட்டாயே. அப்படியானால் நான் இத்தனை வருடம் தியேட்டரில் அழுததெல்லாம் யாரோ அழச் சொல்லித்தானா? இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாம் தடவையின் முடிவில் புல்லாங்குழலை மெல்லிய இழையாக மேலே கொண்டுபோய் நிறுத்தி, "கேட்டுச்சுங்களாப்பா?" என்றாய். கேட்டது என்று தலையாட்டினேன். கேட்கவில்லை. மிஷின் சத்தத்தில் பாதி வயதைக் கழித்த காது, மெல்லிய சத்தமெல்லாம் அதில் ஏறுவதில்லை. உன் முகம் அவ்வளவு ஆசையாக இருந்தபோது இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

நீ இரண்டாவதாகக் காட்டியதையே அனுப்பப்போவதாகச் சொன்னாய். இன்னும் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும், புதன்கிழமைக்குள் கூரியர் போக வேண்டும் என்றாய். அப்போது நீ சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. "படிச்சு முடிச்சா வேலை அங்கதானுங்கப்பா. இங்க வந்து என்ன பண்றது?" என்றாய். சரிதான் என்றேன். ஆனால் அதற்கு முந்தின வாரம் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். முதலாளி முதலிபாளையத்தில் புதுசாக யூனிட் போட்டார். கோடு போட்ட துணி பின்னும் மிஷின்கள், எந்த வரியில் எந்த நிறம் என்று கம்ப்யூட்டரில் சொல்லிக் கொடுத்தால் அதுபாட்டுக்குப் பின்னும். அதைப் பார்த்துக்கொள்ளக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேண்டும், உங்கள் பையன் வருவானா என்று கேட்டார். வருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. நீ அனுப்பினாலும் இடம் கிடைக்காது, அப்புறம் தானாக வருவாய் என்று மனப்பால் குடித்தேன். அந்தப் படத்தை நீ மூன்று தடவை ஓட்டிக் காட்டிய பிறகு, கிடைத்துவிடும் என்று தெரிந்துபோயிற்று. மகன் கெட்டிக்காரன் என்று அப்பனுக்கு நெஞ்சு நிறைய வேண்டும். நான் முதலாளிக்குக் கொடுத்த வாக்கைத்தான் நினைத்தேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நீ கோயிலுக்குப் போனாய், பாட்டுப் பயிற்சி முடிந்து மத்தியானம்தான் வருவேன் என்றாய். உன் அம்மாவும் உன்னோடு போனாள். உன் கம்ப்யூட்டர் பெட்டி இரண்டு நாளாக இரைந்துகொண்டிருந்தது. வரிசையாகக் கட்டிய நம் லைன் வீடு கம்பெனியின் பின்சுவரோடு ஒட்டியது. ஜன்னலைச் சாத்தினாலும் பஞ்சு வரும், சோற்றுப் பானையிலும் வரும். பெட்டியின் பின்னால் ஓட்டை வழியே பார்த்தேன், உள்ளே விசிறி தெரியாத அளவுக்குப் பஞ்சு. நல்லூரில் பஞ்சு பிடித்த எதையும் நாம் என்ன செய்வோம்? ஏர் பைப் பிடித்துக் காற்றடிப்போம். மின்விசிறி, டிவி, சைக்கிள், ஷிப்ட் முடிந்ததும் சட்டை, தலைமுடி. சின்ன வயதில் நீயே வந்து, "எனக்கும் அடிங்கப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்பாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பெனியைத் திறந்தேன். கம்ப்ரஸரைப் போட்டேன். காற்று ஏறியது. பெட்டியைக் கழற்றி மூலை முடுக்கெல்லாம் அடித்தேன். பஞ்சு பந்து பந்தாகப் பறந்தது. திருப்தியாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டேன். உள்ளே பட்டென்று ஒரு வெடி, ஒரு நாற்றம். அவ்வளவுதான்.

கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் சேரும், உனக்குத் தெரியும். காற்றிலிருந்து வடிகிற தண்ணீர். அடியில் ஒரு வால்வு உண்டு. அதைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் ஏர் பைப்பைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் காற்றோடு தண்ணீரும் சேர்ந்து அடிக்கும். கம்பெனியில் காலையில் முதல் வேலையே அதுதான். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் நான் அதை விட்டதில்லை. முருகேசன் என்று என்னிடம் ஒரு ஆப்பரேட்டர் இருந்தான், அவன் ஒருதடவை வால்வைத் திறக்காமல் மிஷினின் கரண்ட் பேனல் பெட்டியில் காற்று அடித்துவிட்டான். பெட்டி எரிந்துபோயிற்று. மறந்துட்டேன் மாஸ்டர் என்று அழுதான். "இத எவனாவது மறப்பானாலே? வேணும்னுதான் செஞ்சிருக்க" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினேன். அன்றைக்கே வேலையை விட்டுப் போனான். இப்போது நீ சொல். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வால்வைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? மறந்தேன் என்றால், எவனாவது மறப்பானா என்று கேட்டவனே நான்தான். வேண்டுமென்று செய்தேன் என்றால், சத்தியமாக அப்படி நினைத்த நினைவு எனக்கு இல்லை. அந்த டீ போடுகிற மனுஷனைப் போலத்தான் இதுவும். மகனின் பெட்டியைச் சுத்தம் பண்ணிய அப்பன் என்று ஒரு பக்கம் தெரிகிறது, மகனின் வழியை அடைத்த அப்பன் என்று மறுபக்கம் தெரிகிறது. எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வால்வு என் காலடியிலேயே இருந்தது. குனிந்தால் போதும். நான் குனியவில்லை என்பது மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

நீ வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்து விழித்தாய். "கரண்ட் வந்து வந்து போச்சுய்யா, அதுல போயிருக்கும்" என்றேன். அன்று கரண்ட் போனது உண்மைதான், தினமும்தான் போகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு அந்தக் கரண்ட் உதவியது. அடுத்த நாள் இருவருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் திறந்து பார்த்ததும் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். "ஏனுங் தம்பி, தண்ணி கிண்ணி ஊத்தீட்டீங்களா? போர்டெல்லாம் ஈரம் பட்டிருக்குதுங்க. ஹார்ட் டிஸ்க்கும் போயிருச்சுங்க, ஒண்ணும் எடுக்க முடியாது" என்றார். அப்புறம் உள்ளே விரலை விட்டுத் தடவி, "பஞ்சு ஒரு துளி இல்லீங்களே! நம்மூர்ல இப்படி ஒரு பெட்டிய நான் பாத்ததே இல்லீங்க" என்றார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். ஒரு நொடிதான். பிறகு அவரிடம், "தண்ணியெல்லாம் இல்லீங்ணா. கரண்ட் வந்து வந்து போச்சுங்க, அதுலதான் போயிருக்கும்" என்றாய். என் பொய்யை அச்சு மாறாமல் நீ சொன்னாய். திரும்பி வரும் வழியில் வண்டியை நிறுத்தி, "டீ சாப்பிடலாங்களாப்பா?" என்று கேட்டாய். குடித்தோம். வீட்டில் மூன்று நாள் நீ சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து, "புள்ள மூஞ்சியப் பாத்தியளா? நீங்க என்ன, கல்லு மாதிரி நிக்கிய?" என்று உன் அம்மா என்னைத்தான் பிடித்தாள். புதன்கிழமை கூரியர் போகவில்லை.

முதலாளி கூப்பிடுகிறார் என்றேன், நீ முதலிபாளையத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். இதைத்தான் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் பத்து மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். காலையில் வண்டியில் நீ எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாய், உன்னை அங்கே இறக்கிவிட்டுத்தான் நான் நல்லூருக்குத் திரும்பி வருவேன். "உங்க பையன் தங்கமுங்க மாஸ்டர்" என்று முதலாளி சொன்னார். மிஷினுக்கு நீ சொல்லிக் கொடுத்த கணக்கில் கோடுகள் பிசிறில்லாமல் விழுந்தன. சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்தாய். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்குக் காலையில் குறுகுறுக்கவில்லை, உன்னைப் பின்னால் உட்கார வைத்துப் போகையில் துளிகூடக் குறுகுறுக்கவில்லை. நீ இறங்கிப் போன பிறகுதான் வரும். நீயோ சாயங்காலமானால் கோயில் ஆபீசில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டாய். ஒரு வார்த்தை புலம்பவில்லை. மறுபடி அனுப்பினாய், இடம் வாங்கிவிட்டாய். இந்தமுறை எனக்கு ஓட்டிக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

ஆகவே என் கேள்வி இதுதான். உனக்குத் தெரியுமா? கடைக்காரர் பஞ்சில்லை என்றபோதே தெரிந்திருக்கும், நீ ஃபிட்டர் பெற்ற பிள்ளை. தெரிந்தும் ஏன் எனக்காகப் பொய் சொன்னாய்? ஒரு வெளி ஆள் முன்னால் அப்பன் தலைகுனியக் கூடாது என்றா? அல்லது பேசிப் பிரயோசனம் இல்லை என்று அன்றைக்கே என்னைக் கைகழுவிவிட்டாயா? ஒருநாள் முதலாவது சரி என்று தோன்றுகிறது, நெஞ்சு நெகிழ்கிறது. மறுநாள் இரண்டாவது சரி என்று தோன்றுகிறது, சோறு இறங்க மறுக்கிறது. நீ என்னை மன்னித்துவிட்டாயா என்றும் தெரியவில்லை, நான் இன்னும் கேட்கவே இல்லையே, எப்படி மன்னிப்பாய்? இப்போது கேட்கிறேன். மறந்து செய்தேனோ மனது செய்ததோ, செய்த கை என்னுடையது. ஒரு வருடத்தை உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். பொய்யும் சொன்னேன். என்னை மன்னித்துவிடு யய்யா. முடியாது என்றால் அதையும் சொல்லிவிட்டுப் போ. புத்தி சொல்ல உட்கார்ந்தவன் ஒரு புத்தியும் சொல்லவில்லை என்று வேண்டாம், ஒன்று சொல்கிறேன். அங்கே எது செய்தாலும் அன்றன்றைக்கே இரண்டு சிடியில் எழுதி, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வை. பாசமுள்ளவர்கள் இருக்கிற வீட்டில் மட்டும் வைக்காதே.

இந்தக் கடிதத்தை முதலில் உன் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைக்க நினைத்தேன். பஸ் ஏறி, ஊர் தாண்டிய பிறகு படிப்பாய், நான் தப்பித்துக்கொள்வேன். கரண்ட் மேல் பழி போட்ட அதே புத்தி. அதனால் உன் கீபோர்டு மேல் வைக்கிறேன், நாளைக் காலையிலேயே பார்த்துவிடுவாய். நாளை சனிக்கிழமை, ஆறு மணி வரை நான் கம்பெனியில்தான் இருப்பேன். வீட்டில் அம்மா முன்னால் என்னைக் கேட்க உனக்கு வாய் வராது. அதனால் கம்பெனிக்கு வா. பன்னிரண்டு மிஷினும் ஓடும், எவ்வளவு கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது, ஆசை தீரக் கத்தலாம் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். வேண்டாம். கேட்காத இடத்தில் உன்னைக் கத்த வைத்து நான் என்ன கண்டேன்? நீ வந்து நின்றதும் பன்னிரண்டையும் நிறுத்திவிடுவேன். சம்பளத்துக்குச் சேர்ந்த நாள் முதல் ஓடுகிற மிஷினைச் சொந்தக் காரியத்துக்கு நான் நிறுத்தியதில்லை. முதலாளி மேலே இருந்து இறங்கி வந்து என்னாச்சுங் மாஸ்டர் என்று கேட்பார். என் மகன் பேசுகிறான், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்வேன்.

உன் அப்பா